பென்சில் தடிமன்

தம்பி சேவுகமூர்த்தி அனுப்பிய பூட்ஸ் பெட்டி
ஐந்து நாள் ரயிலில் வந்தது,
விடுப்பில் வந்த மானாமதுரைக்காரர் மடியில்.
உள்ளே ஈரச்சாக்கு.
சாக்குக்குள் பூவோடு ஒரு கிளை.
சீட்டில் அவன் கோழிக் கிறுக்கல்:
"அக்கா, நீதான் பாடம் எடுக்கிறியே. இது என்ன செடி?"

புதுவயலில் அன்று நாற்பத்தோரு டிகிரி.
அரிசி ஆலை உமி பறந்து
வேர்த்த கழுத்தில் ஒட்டியது.
மே மாதச் சிறப்பு வகுப்புக்கு வந்த ஏழு பேரை
மேசையைச் சுற்றி நிறுத்தினேன்.

இலை: தனியிலை. கிளை நுனியில் மட்டும்
நெருக்கியடித்துக் குடை விரித்தது.
மேலே எண்ணெய் தடவிய பச்சை.
திருப்பினால் துருநிறக் கம்பளி.
"டீச்சர், உள்பக்கம் ஸ்வெட்டர் போட்டிருக்கு"
என்றாள் வள்ளிக்கண்ணு.
பாடநூலில் அதைவிட நல்ல விடை இல்லை.

பூ: மணி வடிவம். அல்லி ஐந்தும் அடியில் ஒன்று.
வெளிறிய ஊதா. தொண்டையில் மட்டும்
யாரோ மைப்பேனாவை உதறிய புள்ளிகள்.
மகரந்தத்தாள் பத்து.
மகரந்தப்பை நெடுக வெடிப்பதில்லை,
உச்சியில் இரண்டு துளை, உப்பு டப்பா மாதிரி.
ஊசியால் தொட்டேன்.
தூளாய்க் கொட்டவில்லை,
கம்பிப்பதப் பாகாய் இழைந்து வந்தது.
ஒரு வண்டு வந்து போனால் போதும்,
குடும்பமே தொற்றிக்கொண்டு கிளம்பிவிடும்.

ரோடோடெண்ட்ரான், என்று செய்தி அனுப்பினேன்.
மரங்களெல்லாம் இனி முடியாது என்று
நின்றுவிடும் உயரத்துக்குச் சற்றுக் கீழே
முதுகை வளைத்துப் பனியைச் சுமக்கும் புதர்.
இலையில் நஞ்சு, ஆடுமாடு மேயாது.

குரல்பதிவில் பதில் வந்தது. பின்னால் ஒரே காற்று.
"இங்க இதுக்குப் பேரு குராஸ்.
விடிஞ்சதும் எலையத்தான் பாப்போம்.
விரிஞ்சு கெடந்தா ஒரு கையுறை.
சுருட்டுப் பருமன்னா ரெண்டு.
பென்சில் தடிமனுக்குச் சுருண்டு தொங்குச்சுன்னா
பாட்டில்ல தண்ணி கல்லு."

நம்புவதற்கு முன் பார்க்க வேண்டும்.
கடைத்தெரு அமானுல்லா குல்ஃபிப் பெட்டியில்
ஒரு ஓரம் ஒதுக்கித் தந்தார்.
மூடியை மூடிய பிறகுதான்
"விஷமில்லையே?" என்றார்.
"விஷம்தான், பாலித்தீனுக்குள் இருக்கு" என்றேன்.
குல்ஃபிகளை இன்னும் தள்ளி அடுக்கினார்.

முக்கால் மணி நேரம்.
திறந்தபோது இலைகள் தலை தொங்கி
ஓரங்களை உள்ளே இழுத்து
கம்பளியைக் கட்டிக்கொண்டு கிடந்தன.
வெற்றிலை மடிப்பவன் கைகூட
இவ்வளவு இறுக்க மடிக்காது.
வெளியே எடுத்தோம்.
புதுவயல் வெயிலில் ஐந்தே நிமிடம்,
ஒன்றுமே நடக்காததுபோல் விரிந்துகொண்டன.
அமானுல்லா மறுபடி உள்ளே வைக்கச் சொன்னார்.
மூன்று தடவை.

அன்று இரவு ஒரு புகைப்படம்.
மேல் முகாமுக்கு மாற்றியிருக்கிறார்கள்.
"குளிரே இல்ல, நல்ல வெயில், ஆத்தாட்டச் சொல்லு."
சிரிக்கிறான். ஒரு பல்லும் குறையாமல்.
"கறுத்துட்டான், வெயில்தான் போல"
என்று ஃபோனை மார்பில் வைத்துக்கொண்டாள் ஆத்தா.

வாங்கிப் பெரிதாக்கினேன்.
அவன் தோளுக்குப் பின்னால் ஒரு புதர்.
பூ இன்னும் வரவில்லை.
மொட்டுகள் செதில் மூடி நிற்கின்றன.
கீழே இலைகள்.
எண்ணினேன், பதினான்கு தெரிந்தன.
பதினான்கும் பென்சில்.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன்.
எழுந்துபோய் மின்விசிறியை
ஒரு புள்ளி குறைத்தேன்.
"ஏன்டி, வெந்து சாகவா?" என்றாள் ஆத்தா.